42 மார்க்குக்கு அப்புறம்: மறுமதிப்பீடா, திரும்ப எழுதுவதா, அப்படியே விடுவதா?

வேலைக்குப் போய்க்கொண்டே கரஸில் எம்.ஏ. படிக்கிறவர்களுக்கு ரிசல்ட் பெரும்பாலும் செல்போனில்தான் வருகிறது. பஸ்ஸில் நின்றுகொண்டோ, மதியச் சாப்பாட்டுக்கு நடுவிலோ பதிவு எண்ணைத் தட்டினால் 42 என்று வந்து நிற்கும். பாஸ்தான். ஆனால் 60-க்குக் குறையாது என்று நம்பி இருந்தவருக்கு அந்தப் பாஸ் இனிக்காது. பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிப் புலம்பவும் முடியாது, படிக்கிற விஷயமே ஆபீஸில் பாதிப் பேருக்குத் தெரியாது. வீட்டுக்குப் போனால் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை, "எவ்வளவும்மா?" என்று கேட்கும்.

அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டுமே என்று பலர் அன்று ராத்திரியே ஒரு முடிவு எடுத்துவிடுகிறார்கள். ஒன்று, ரீவேல்யூவேஷனுக்குப் பணம் கட்டுவது. இல்லையென்றால், இந்த வயதில் நமக்கு எதற்கு இது என்று புத்தகத்தைத் தூக்கிப் பரணில் போடுவது. இரண்டுக்கும் இடையில் வேறு வழிகள் இருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

ஞாயிற்றுக்கிழமைகளில் படிப்பு மையத்தில் வகுப்பு எடுக்கிறவன் என்பதால் எனக்கு நன்றாகத் தெரிந்தது இக்னோதான், அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். கணக்கு, கட்டணம் எல்லாம் அதை வைத்தே சொல்கிறேன். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ வேறு பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வியிலோ படிக்கிறவர்களுக்கு விதி வேறாக இருக்கும், யோசிக்கிற முறை ஒன்றுதான். கட்டணமும் கெடுவும் அவ்வப்போது மாறுகிறவை. பணம் கட்டுமுன் பல்கலைக்கழக வலைத்தளத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில், இந்த மார்க் யாருக்குக் காட்ட?

இருபது வயதுப் பையனுக்கு எந்த மார்க் எங்கே கேட்பார்கள் என்று தெரியாது. அதனால் எல்லா மார்க்கும் அவனுக்கு முக்கியம். நாற்பது வயதில் படிக்கிறவருக்கு அப்படி இல்லை. இந்தப் பட்டம் எதற்கு என்று அவருக்கு ஏறக்குறையத் தெரியும். அந்த இடத்தில் எவ்வளவு கேட்கிறார்கள் என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு எழுத வேண்டும் என்றால் முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். 54.8-ஐ 55 என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள், முழுமையாக்கல் கிடையாது என்று அறிவிப்பிலேயே போட்டிருப்பார்கள். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பு இல்லை, ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகைக்குத்தான் உண்டு. ஆகவே 45 வயதிலும் இந்தக் கதவு திறந்தே இருக்கிறது, 55 இருந்தால்.

இங்கேதான் பலர் கவனிக்காமல் விடுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வராத ஓ.பி.சி. ஆகியோருக்கு அந்த வரம்பு 50 சதவீதம். நம் ஊரில் பி.சி., எம்.பி.சி. என்று மாநிலச் சான்றிதழ் வைத்திருக்கிறவர்கள், அது போதும் என்றோ, நமக்கு இந்தச் சலுகை கிடையாது என்றோ நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் சாதி மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், மத்திய அரசுப் படிவத்தில் தனியாக ஓ.பி.சி. சான்றிதழ் வாங்க வேண்டும். 52 சதவீதத்தை வைத்துக்கொண்டு தூக்கம் கெட்டவர் சிலருக்கு உண்மையில் தேவைப்பட்டது இ-சேவை மையத்துக்கு ஒரு நடை, அவ்வளவுதான்.

ஆசிரியர் தேர்வு வாரியத்தின் முதுகலை ஆசிரியர் பணிக்கு முதுகலையில் 50 சதவீதமும் பி.எட்.டும் வேண்டும். சிவில் சர்வீஸ், குரூப் 2, வங்கி பி.ஓ. போன்றவற்றுக்குப் பட்டம் இருந்தால் போதும், சதவீதம் தடையாக நிற்பதில்லை. (நாற்பத்தைந்து வயதில் வங்கி பி.ஓ.வுக்குத் தடை மார்க் அல்ல, வயது. அது வேறு கதை.) பதவி உயர்வுக்கோ வெறும் ஆசைக்கோ படிக்கிறவர் என்றால், உங்கள் துறை ஆணையில் சதவீதம் கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கேட்கவில்லை என்றால் 42-க்கும் 62-க்கும் உங்கள் மனசில்தான் வித்தியாசம். மனசில் உள்ள வித்தியாசமும் வித்தியாசம்தான், ஆனால் அதற்கு மறுமதிப்பீட்டுக் கட்டணம் 750 ரூபாய் கட்டி ஆறுதல் வாங்க முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

எட்டு பேப்பர் உள்ள எம்.ஏ. என்று வைத்துக்கொள்வோம், ஒவ்வொன்றும் 8 கிரெடிட் (பாடத்தின் எடையைச் சொல்கிற அளவு), மொத்தம் 64. இக்னோவில் பொதுவாக அசைன்மென்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70 சதவீதம். முதுகலையில் இரண்டிலும் தனித்தனியாக 40 எடுக்க வேண்டும்.

அசைன்மென்டில் 72, தேர்வில் 42 வாங்கியவருக்கு அந்தப் பேப்பரில் கிடைப்பது 21.6-உம் 29.4-உம் சேர்ந்து 51. இவருக்கு மறுமதிப்பீட்டில் எட்டு மார்க் ஏறி 50 ஆகிறது என்றே வையுங்கள். எட்டு மார்க் ஏறுவது பெரிய விஷயம். அப்போதும் அந்தப் பேப்பரில் கூடுவது 5.6. எட்டு பேப்பருக்கும் சராசரி எடுத்தால் மொத்தத்தில் கூடுவது 0.7 சதவீதம்.

இதே ஆள் அடுத்த வருடம் அசைன்மென்டில் மட்டும் 72-க்குப் பதில் 82 வாங்கினால் ஒவ்வொரு பேப்பரிலும் 3 மார்க் கூடும். நாலு பேப்பருக்கு 12. அதுவே மொத்தத்தில் 1.5 சதவீதம். மூன்று மணி நேரப் பதற்றம் கிடையாது, வீட்டில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிற விஷயம் இது.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் மறுமதிப்பீடுதான் வேண்டும் என்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அது சரியான வழியாக இருக்கிற இடங்களும் உண்டு.

மறுமதிப்பீடு யாருக்கு

ரிசல்ட் வந்து ஒரு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், பேப்பருக்கு 750 ரூபாய். இக்னோவில் பழையது, புதியது இரண்டில் எது கூடுதலோ அதை எடுத்துக்கொள்கிறார்கள், எனவே இருப்பது பறிபோகும் என்ற பயம் இல்லை. வேறு பல்கலைக்கழகம் என்றால் குறைந்தால் என்ன செய்வார்கள் என்பதை விதியில் முதலில் படியுங்கள்.

38, 39 வாங்கி ஓரிரு மார்க்கில் போனவர்கள் யோசிக்காமல் போடலாம். திருத்துகிறவர் கைக்குக் கை இரண்டு மூன்று மார்க் மாறுவது சகஜம், அந்த இரண்டு மூன்றுதான் இவர்களுக்கு வேண்டியது. மற்ற பேப்பரில் எல்லாம் 58, 61, 60 என்று வாங்கிவிட்டு ஒன்றில் மட்டும் 34 வந்திருக்கிறது என்றாலும் போடலாம். கூட்டலில் ஏதோ விட்டுப் போயிருக்கலாம், ஒரு பக்கம் திருத்தாமல் போயிருக்கலாம்.

எல்லாப் பேப்பரிலும் 41, 44, 42 என்று ஒரே மாதிரி வந்திருக்கிறது என்றால் மறுமதிப்பீட்டில் பணத்தைப் போடாதீர்கள். நாலு பேர் திருத்தி நாலு பேரும் ஒரே மாதிரி போட்டிருக்கிறார்கள் என்றால், கோளாறு பேனா பிடித்த பக்கம்தான்.

ஃபெயில் ஆனவர்கள் இன்னொன்றையும் செய்ய வேண்டும். மறுமதிப்பீட்டு முடிவு வருவதற்குள் அடுத்த தேர்வுக்கான விண்ணப்பக் கெடு முடிந்துவிடலாம். ஜூனில் போனால் டிசம்பர், டிசம்பரில் போனால் ஜூன். எனவே முடிவுக்குக் காத்திருக்காமல் பேப்பருக்கு 200 ரூபாய் கட்டி அடுத்த தேர்வுக்கும் பதிந்து வைத்துவிடுங்கள். மறுமதிப்பீட்டில் பாஸ் ஆகிவிட்டால் 200 போனது போகட்டும், ஆகாவிட்டால் ஆறு மாதம் மிச்சம்.

கிரேட் கார்டில் முடிக்கவில்லை என்று வருகிறதே என்று அலறுகிறவர்கள், எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று பாருங்கள். பல நேரம் தேர்வு மார்க் ஏறியிருக்கும், அசைன்மென்ட் மார்க் ஏறியிருக்காது. அதற்கு மறுமதிப்பீடு மருந்தல்ல. அசைன்மென்ட் கொடுத்தபோது வாங்கிய ரசீதோடு படிப்பு மையத்தையோ மண்டல மையத்தையோ பார்க்க வேண்டும். ரசீது வாங்காமல் கொடுத்தவர்களுக்கு என் அனுதாபங்கள்.

நூறு ரூபாய் நகல்

என்னைக் கேட்டால், எந்த வழியில் போவதாக இருந்தாலும் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். பேப்பருக்கு 100 ரூபாய். மறுமதிப்பீட்டில் கிடைப்பது ஒரு எண், நகலில் கிடைப்பது அந்த எண் எப்படி வந்தது என்கிற விவரம். மதிப்பிட்ட விடைத்தாளைப் பார்க்கத் தேர்வு எழுதியவருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி உரிமை உண்டு என்று 2011-இல் சி.பி.எஸ்.இ. வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆக, இது யாரிடமும் தயவு கேட்கிற விஷயமில்லை. ஒரே சிக்கல், நகல் கைக்கு வருவதற்குள் மறுமதிப்பீட்டுக்கான ஒரு மாதம் ஓடிவிடலாம். மேலே சொன்ன 38, 39 ஆட்கள் இரண்டுக்கும் சேர்த்தே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

நகலில் என்ன தெரியும்? எனக்குக் காட்டப்பட்ட ஒன்றைச் சொல்கிறேன். தனியார் பள்ளியில் பல வருடமாக மேல்நிலை வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிற ஆசிரியை. எம்.ஏ. ஆங்கிலத்தில் கவிதைப் பேப்பரில் 42. "சார், நான் பிள்ளைகளுக்கு நடத்துற கவிதை சார் இது, இதுல போய் 42 போட்டிருக்காங்க" என்று கையில் தாள்களோடு வந்தார். "இருங்க டீச்சர், முதல்ல பார்ப்போம்" என்று மேஜையில் விரித்தோம்.

ஐந்து கேள்வி, கேள்விக்கு 20. ஓரத்தில் போட்டிருந்த மார்க் வரிசையாக 12, 11, 9, 8, 2. முதல் விடை ஆறு பக்கம். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. இரண்டாவது ஐந்து பக்கம். மூன்றாவதில் எழுத்து சாய ஆரம்பித்திருந்தது. நாலாவதில் வரிகளுக்கு இடையே இடைவெளி கூடி, சொற்கள் பாதியில் முடிந்தன. ஐந்தாவது அரைப் பக்கம், அதுவும் குறிப்பு மாதிரி நாலு வரி, அடியில் நேரம் போதவில்லை என்பது தெரிகிற மாதிரி ஒரு இழுப்பு.

இவருக்கு விஷயம் தெரியாமல் போகவில்லை. கை ஓடவில்லை. பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் இதை யோசிப்பதே இல்லை. கல்லூரியை விட்டு இருபது வருடம் ஆகிறது. அதற்கப்புறம் பேனாவால் எழுதியது கையெழுத்து, காசோலை, பலசரக்குச் சீட்டு. ஆசிரியர் என்றால் கூடுதலாகக் கரும்பலகை, சிவப்பு மையில் ஒரு டிக். ஆபீஸில் எல்லாம் கீபோர்டு. திடீரென்று மூன்று மணி நேரம் உட்கார்ந்து இருபது பக்கம் எழுது என்றால் இரண்டாவது மணியிலேயே கட்டைவிரல் அடியில் வலி பிடித்துக்கொள்கிறது. கூடவே படித்த பிள்ளைக்கு அந்த வலி இல்லை, அவன் போன மாதம்தான் மாடல் எக்ஸாம் எழுதினான்.

இரண்டாவது விஷயம் முதல் விடையிலேயே இருந்தது. ஆறு பக்கம் எழுதியும் ஏன் 12? கேள்வி, ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதையை அவருடைய கவிதைக் கொள்கையோடு பொருத்தி விவாதிக்கச் சொல்கிறது. டீச்சர் வகுப்பில் நடத்துகிற மாதிரியே வரி வரியாகப் பொருள் சொல்லியிருந்தார். அழகாகச் சொல்லியிருந்தார். ஆனால் 1800-இல் வேர்ட்ஸ்வொர்த் எழுதிய புகழ்பெற்ற முன்னுரை பற்றி, பேச்சு வழக்கு மொழியில் கவிதை எழுத வேண்டும் என்று அதில் அவர் வாதிட்டது பற்றி, ஆறு பக்கத்திலும் ஒரு வரி இல்லை. பாடப் புத்தகத்தில் அதற்கு ஓர் அலகே இருக்கிறது. "அதைப் படிச்சேனே சார்" என்றார். படித்திருக்கிறார். எழுதவில்லை.

அனுபவம் உள்ளவர்கள் எல்லாத் துறையிலும் இதே மாதிரிதான் மாட்டிக்கொள்கிறார்கள். தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கிறவர் பொது நிர்வாகப் பேப்பரில், அதிகார அமைப்பு பற்றிக் கோட்பாடு எழுதிய மாக்ஸ் வெபரைக் கேட்டால் தன் ஆபீஸ் கோப்பு எப்படி நகர்கிறது என்று எழுதிவிட்டு வருவார். அவர் எழுதியது உண்மை. ஆனால் திருத்துகிறவர் கையில் இருக்கிற குறிப்பில் வெபர்தான் இருக்கிறார். அனுபவத்தை எழுதக் கூடாது என்றில்லை, முதலில் புத்தகம், அதற்கு உதாரணமாக அனுபவம். வரிசை மாறினால் மார்க் போய்விடும்.

இது இரண்டையும் மறுமதிப்பீடு கண்டுபிடித்துச் சொல்லாது. நூறு ரூபாய் நகல் சொல்லும்.

திரும்ப எழுதுவது

இதில் இரண்டு நிலை இருக்கிறது, குழப்பிக்கொள்ளக் கூடாது. ஃபெயில் ஆன பேப்பரை எப்போது வேண்டுமானாலும், படிப்பின் உச்சக் கால வரம்புக்குள், திரும்ப எழுதலாம். இரண்டு வருட எம்.ஏ.வுக்கு இக்னோ கொடுக்கிற உச்ச வரம்பு நாலு வருடம். அசைன்மென்டில் தேறியிருந்தால் அது அப்படியே நிற்கும், தேர்வு மட்டும் போதும். அரியர் என்றால் நம் ஊரில் ஏதோ குற்றப் பத்திரிகை மாதிரி பார்ப்பார்கள். வேலைக்குப் போகிறவருக்கு அது தேதி மாறிய தேர்வு, அவ்வளவுதான்.

பாஸ் ஆன பேப்பரை, மார்க் போதாது என்பதற்காக, நடுவில் திரும்ப எழுத முடியாது. அதற்கு முழுப் படிப்பையும் முடித்துவிட்டு இம்ப்ரூவ்மென்ட் என்று தனியாக விண்ணப்பிக்க வேண்டும். முதுகலையில் இரண்டாம் வகுப்பு, 55 சதவீதம், முதல் வகுப்பு ஆகியவற்றில் ஒன்றுக்கு 2 சதவீதத்துக்குள் குறைந்தவர்களுக்குத்தான் அது உண்டு. ஒரு முறைதான் தருவார்கள், மொத்தக் கிரெடிட்டில் கால் பங்குக்கு மேல் எழுத முடியாது, இறுதி மதிப்பெண் பட்டியல் வந்த ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டும், பேப்பருக்கு 750 ரூபாய்.

நம் எட்டு பேப்பர் கணக்குக்கு வருவோம். 53.5 சதவீதத்தில் முடித்தவருக்கு 800-க்கு 428. வேண்டியது 440. குறைவது 12. கால் பங்கு என்றால் 16 கிரெடிட், அதாவது இரண்டு பேப்பர். பேப்பருக்கு 6 மார்க் கூட வேண்டும். தேர்வின் பங்கு 70 சதவீதம் என்பதால் தேர்வில் ஒவ்வொன்றிலும் 9 மார்க் கூடுதலாக வாங்க வேண்டும். 42 வாங்கிய இரண்டு பேப்பரைத் தேர்ந்தெடுத்து 51 வாங்கினால் நெட் எழுதலாம். நடக்கிற காரியம்தான், ஐந்தாவது கேள்வியை முழுசாக எழுதினாலே கிட்டத்தட்ட வந்துவிடும். எந்த இரண்டு பேப்பர் என்று தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம். பிடித்த பேப்பரை எடுக்காதீர்கள், அதில் ஏற்கெனவே 56 இருக்கும், மேலே ஏற இடம் குறைவு. அடிமட்டத்தில் இருப்பதை எடுங்கள்.

52.9-இல் முடித்தவருக்கு 55-ஐத் தொட இந்த வழியே கிடையாது. அதனால் 55 வேண்டும் என்பவர்கள் கடைசி வருடத் தேர்வுக்கு முன்பே கணக்குப் போட்டு, எப்படியும் 53-ஐத் தாண்டிவிட வேண்டும் என்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

வாங்கியதை விட்டுவிட்டு மேலே போவது

முதல் வருடம்தான் முடிந்திருக்கிறது என்றால், இதுதான் என் சிபாரிசு. நாலு பேப்பரின் சராசரி 51. இறுதியில் 55 வேண்டும். மீதி நாலில் சராசரி 59 எடுக்க வேண்டும். அசைன்மென்டில் பழையபடி 72 என்றால் தேர்வில் 53, 54 வேண்டியிருக்கும். அசைன்மென்டை 82-க்கு ஏற்றினால் தேர்வில் 50 போதும். 42-இலிருந்து 50. பணச் செலவு இல்லை, யாருடைய திருத்தலையும் நம்ப வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம்.

ஆனால் மேலே போவது என்றால் அதே மாதிரி படித்துக்கொண்டு மேலே போவது இல்லை. நான் பார்த்தவரை பெரியவர்கள் படிக்கிற விதம் வாசிப்பது. ராத்திரி பத்து மணிக்குப் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, ஹைலைட்டரோடு உட்கார்ந்து, இரண்டு முறை வாசிப்பார்கள். புரிந்த மாதிரியும் இருக்கும். 2006-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, வாசிப்பைக் குறைத்துக்கொண்டு பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதிப் பழகியவர்கள்தான் முந்தினார்கள். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

அதனால் செய்ய வேண்டியது எளிது, கொஞ்சம் கசப்பும்கூட. இக்னோ வலைத்தளத்தில் பழைய வினாத்தாள்கள் கிடக்கின்றன. வாரத்துக்கு ஒரு கேள்வியை எடுத்து, புத்தகத்தை மூடிவிட்டு, 35 நிமிடம் கடிகாரம் வைத்து, பேனாவால் எழுதுங்கள். ஐந்து கேள்விக்கு 180 நிமிடம் என்றால் ஒன்றுக்கு 36, மீதியில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம். முதல் வாரம் மூன்று பக்கம்கூட வராது. போகப் போகக் கை வழிக்கு வரும். எழுதி முடித்ததும் அலகின் தலைப்புகளை மட்டும் புரட்டி, எந்தப் பெயர், எந்தக் கோட்பாடு விட்டுப் போனது என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த டீச்சருக்கும் இதைத்தான் சொன்னேன். "திரும்ப எக்ஸாம் எழுதுற மாதிரி இருக்கே சார்" என்று முகம் சுளித்தார். அப்படித்தான் இருக்கும்.

நிறுத்தி வைப்பது, விட்டுவிடுவது

நிறுத்தி வைப்பதும் விட்டுவிடுவதும் ஒன்றல்ல. மாமனார் படுத்த படுக்கையாக இருக்கிறார், ஆபீஸில் மார்ச் முடிவுக் கணக்கு நடக்கிறது என்கிற வருடத்தில் 42 வாங்கியவர், அடுத்த ஆறு மாதமும் அதே நிலைதான் என்றால், ஒரு தேர்வுக் காலத்தை விட்டுவிடுவதில் தப்பே இல்லை. நாலு வருட வரம்பு இதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். எழுதினால் இரண்டு பேப்பர் மட்டும் எழுதுங்கள். எல்லாவற்றையும் பதிந்துவிட்டு எல்லாவற்றிலும் 42 வாங்குவதைவிட அது மேல். பாஸ் ஆகிவிட்டால் நடுவில் திரும்ப எழுத முடியாது என்பதை நினைவில் வையுங்கள். தயாராகாமல் போய் அரைகுறையாகப் பாஸ் ஆவது சில நேரம் ஃபெயில் ஆவதைவிட நஷ்டம்.

ஒரேயடியாக விடுவதா என்ற கேள்விக்கு, கட்டிய பணத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது போனது போனதுதான். இனிமேல் போடப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளை வைத்து யோசியுங்கள். பட்டம் எதற்குத் தேவையோ அந்தத் தேவையே போய்விட்டது என்றால் விடலாம். தேவை இருக்கிறது, அவமானத்தால்தான் விடுகிறேன் என்றால், முதலில் அந்த நகலை வாங்கிப் பாருங்கள், அப்புறம் விடுங்கள். விட்டாலும் தேறிய பேப்பர்கள் குப்பைக்குப் போவதில்லை. 2021-இல் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) கொண்டுவந்த கிரெடிட் வங்கி ஏற்பாட்டில் வாங்கிய கிரெடிட்டை ஏழு வருடம் வரை வைத்திருக்கலாம். உங்கள் கணக்கைத் திறந்து, அதில் கிரெடிட் ஏறியிருக்கிறதா என்று மட்டும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் என்ன சொல்வது என்பது மிச்சம். பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம் என்பது என் கட்சி. "42 தான், ஒரு கேள்வி முழுசா எழுத நேரம் பத்தலை" என்று காரணத்தோடு சொன்னால் பிளஸ் டூ பிள்ளைக்கு நன்றாகவே புரியும். சொல்லப் போனால் 35 நிமிடப் பயிற்சிக்குக் கடிகாரம் பிடிக்க அந்தப் பிள்ளையைவிடக் கறாரான ஆள் கிடைக்காது. ஆபீஸில் யாருக்கும் சொல்ல வேண்டிய அவசியமில்லை. அங்கே கேட்கிறவர்களுக்கு, பாஸ்.